உலைநீரும் கடிகாரமும்

எங்கள் சமையலறை அலமாரியில், உப்புச் சாடியின் பக்கத்தில், சில வாரங்களாக ஒரு பழைய நோட்டுப் புத்தகம் இடம்பிடித்திருக்கிறது. அடுப்பில் தண்ணீரை வைத்த நேரம், அது தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய நேரம், எந்தப் பாத்திரம், மூடி இருந்ததா இல்லையா என்பவை மட்டுமே அதில் எழுதப்பட்டுள்ளன. ஒரு சிறிய வாக்குவாதத்தில் தொடங்கிய வேலை இது. உப்பை முதலிலேயே போட்டுவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்றார் அக்கா. உப்பு போட்டால் கொதிநிலை உயரும், ஆகவே தாமதமாகத்தான் கொதிக்கும் என்று பள்ளிப் பாடத்தை நினைவில் வைத்து நான் மறுத்தேன். கடிகாரத்தையே நடுவராக வைத்துக்கொள்ள இருவரும் ஒப்புக்கொண்டோம். அது எங்கள் இருவரையுமே பொருட்படுத்தவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் உப்பைத் தேடிப் போன இடத்தில் உப்பைவிடச் சுவையான செய்திகள் கிடைத்தன.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 4.18 ஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. சமையலறையில் நாம் கையாளும் பொருள்களில் இவ்வளவு வெப்பத்தை விழுங்கிவிட்டு இவ்வளவு மெதுவாகச் சூடேறுவது வேறு ஒன்றும் இல்லை. அதே எடையுள்ள எண்ணெய்க்கு இதில் ஏறத்தாழ பாதி போதும், அலுமினியத்துக்குக் கால் பங்குகூட வேண்டாம். இதன்படி 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 314 கிலோஜூல் செலவாகும். 2000 வாட் திறனுள்ள ஓர் எலெக்ட்ரிக் கெட்டில் தன் வெப்பம் முழுவதையும் நீருக்கே கொடுப்பதாக வைத்துக்கொண்டால் அதற்கு 157 வினாடிகள், அதாவது இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல், ஆகும். இந்த 314 கிலோஜூலில் எந்த அடுப்புக்கும் எந்தப் பாத்திரத்துக்கும் சலுகை கிடையாது. ஒரு வினாடிக்கு எவ்வளவு வெப்பம் நீருக்குள் போகிறது, போனதில் எவ்வளவு வெளியே கசிந்துவிடுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள்தான் மற்ற எல்லாம் அடங்கியிருக்கின்றன.

நீரின் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மடங்கு நீருக்கு இரண்டு மடங்கு வெப்பம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு கோப்பை தேவைப்படும் இடத்தில் பாத்திரத்தை நிறைத்துவிடுகிறோம். அதே போல, 25 டிகிரிக்குப் பதிலாக 10 டிகிரியில் தொடங்கும் நீர் 75 டிகிரி ஏறுவதற்குப் பதிலாக 90 டிகிரி ஏற வேண்டியிருப்பதால், ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். குளிர்காலத்துத் தண்ணீர் கொதிக்க மறுக்கிறது என்ற மனக்குறையில் உண்மை இருக்கிறது.

மின்சாரத்தில் சூடேற்றுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று மின்னழுத்தம். கெட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, குறிப்பிட்ட மின்னழுத்தம் கிடைத்தால் மட்டுமே உண்மை. சூடேற்றும் கம்பியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்து மாறுவதால், 230 வோல்ட்டுக்காகச் செய்த கருவிக்கு 200 வோல்ட் மட்டுமே வந்தால் அதன் திறன் முக்கால் பங்காகக் குறைந்துவிடுகிறது. கொதிக்கும் நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது. நோட்டுப் புத்தகத்தில் ஒரே கெட்டில், ஒரே அளவு நீர், ஆனால் மாலை நேரத்தில் மட்டும் நீண்டுபோன சில பதிவுகளைப் பார்த்துக் கெட்டிலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். குற்றம் அதனுடையது அன்று. 120 வோல்ட் வழங்கும் அமெரிக்காவில் கெட்டில்கள் பெரும்பாலும் 1500 வாட்டில் நிற்பதும், 230 வோல்ட் உள்ள பிரிட்டனில் 3000 வாட் கெட்டில் சாதாரணமாக இருப்பதும் இதனோடு தொடர்புடையவைதாம். பிரிட்டனில் கொதிக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு அமெரிக்காவில் ஆகிறது என்றால், இடையில் இருப்பது சுவரில் உள்ள பிளக் மட்டுமே.

கேஸ் அடுப்பின் கதை வேறு. எரிவாயுச் சுடரின் வெப்பநிலை 1900 டிகிரியை நெருங்கும். அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் பாத்திரத்தின் அடிப்பகுதியோ, உள்ளே நீர் இருக்கும் வரை, 100 டிகிரியைவிடச் சிறிதளவே கூடுதலான சூட்டில் இருக்கிறது. காகிதக் கிண்ணத்தில் நீரை ஊற்றி மெழுகுவர்த்திச் சுடரின் மேல் பிடித்தால் காகிதம் எரியாமல் நீர் சூடாகும் பள்ளிச் சோதனை இதைத்தான் காட்டுகிறது. 1900 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் இடையிலான இவ்வளவு பெரிய சரிவு எங்கே நிகழ்கிறது? உலோகத்தில் அன்று, பாத்திரத்தின் வெளிப்புறத்தை ஒட்டிப் படிந்திருக்கும் மெல்லிய வாயுப் படலத்தில். வாயுக்கள் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துபவை. சுடரிலிருந்து வரும் வெப்பம் அந்தப் படலத்தைக் கடந்து உலோகத்தைத் தொடுவதற்குத்தான் சிரமப்படுகிறதே தவிர, தொட்ட பிறகு நீரை அடைவதற்கு அதற்குப் பெரிய தடை எதுவும் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் செம்பா, அலுமினியமா, எவர்சில்வரா என்ற நெடுங்கால வழக்கின் தீர்ப்பு எளிதாகிவிடுகிறது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் திறன் எவர்சில்வரைப் போல் இருபது மடங்குக்கும் மேல் என்பது உண்மை. ஆனால் இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள அடிப்பகுதி வழியாக ஒரு கிலோவாட் வெப்பம் போவதாகக் கணக்கிட்டால், ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள எவர்சில்வரின் இரு பக்கங்களுக்கும் இடையில் ஏற்படும் வெப்பநிலை வேறுபாடு இரண்டு டிகிரி மட்டுமே. மொத்தச் சரிவான 1800 டிகிரியில் இந்த இரண்டை மிச்சப்படுத்துவதால் யாருடைய நேரமும் மிச்சமாகாது. செம்பின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: அது சூட்டை அடிப்பகுதி முழுவதும் சீராகப் பரப்புவதால் கெட்டியான பண்டங்கள் அடிப்பிடிப்பது குறையும். நீர் தானாகவே சுழன்று சூட்டைக் கலந்துகொள்வதால் அதற்கு அந்த உதவி தேவையில்லை. உலோகத்துக்காகப் பணம் செலவிட நினைப்பவர்கள், வெந்நீருக்காக அன்றி வேறு காரணத்துக்காகச் செலவிடலாம் என்பது என் கருத்து.

மண்பானையை மட்டும் இந்தத் தீர்ப்பில் சேர்க்க முடியாது. எட்டு மில்லிமீட்டர் தடிப்புள்ள சுட்ட மண் வழியாக அதே வெப்பம் போக வேண்டுமானால் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட இருநூறு டிகிரிக்கும் மேல் சூடாக வேண்டும்; அங்கே சுவரே ஒரு தடையாகிவிடுகிறது. அதோடு பானையின் எடையும் சேர்ந்துகொள்கிறது. பாத்திரமும் நீரோடு சேர்ந்து சூடாக வேண்டும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அரைக் கிலோ எடையுள்ள எவர்சில்வர் பாத்திரம் தனக்கென்று ஏறத்தாழ 19 கிலோஜூல் எடுத்துக்கொள்கிறது. அது பெரிதாக உறுத்தாது. மூன்று கிலோ எடையுள்ள வார்ப்பிரும்புச் சட்டியோ 100 கிலோஜூல் அளவுக்குக் கேட்கிறது; ஒரு லிட்டர் நீரின் பங்கில் மூன்றில் ஒன்று அது. கழுவிய ஈரத்தோடு பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் அடியில் ஒட்டியிருக்கும் நீர் ஆவியாகிப் போவதற்கும் வெப்பம் செலவாகிறது. துடைத்துவிட்டு வைப்பதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

உலோகத்தைவிடப் பெரியது சுடரின் அளவும் பாத்திரத்தின் அகலமும் பொருந்துவது. சுடர் அடிப்பகுதிக்குள் அடங்கியிருந்தால் சூடான வாயு அடியைத் தடவிக்கொண்டு வெளியேறும். சுடரின் நாக்கு பக்கவாட்டில் ஏறி விளிம்பைத் தாண்டுமானால், கூட்டிய தீயில் பெரும்பகுதி சமையலறையைத்தான் சூடாக்குகிறது. சிறிய பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்துத் தீயை முழுவதும் திறந்துவிட்டுப் பார்த்தேன்; நேரம் குறைந்ததென்னவோ உண்மை, ஆனால் தீயைக் கூட்டிய அளவுக்குக் குறையவில்லை. கேஸ் அடுப்பில் எரியும் வெப்பத்தில் பாதியை ஒட்டிய பங்குதான் நீருக்குப் போய்ச் சேருகிறது. இண்டக்ஷன் அடுப்பிலும் கெட்டிலிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் போகிறது. இண்டக்ஷன் அடுப்பில் வெப்பம் பாத்திரத்தின் அடியிலேயே பிறப்பதால் மேலே சொன்ன வாயுப் படலத்தைக் கடக்க வேண்டிய தேவையே அதற்கு இல்லை. அந்த வேகத்தின் ரகசியம் அவ்வளவுதான். காந்தம் ஒட்டாத அடியுள்ள பாத்திரத்தை வைத்துவிட்டு அடுப்பைத் திட்டுவது வீண்.

இனி மூடி. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்று சொல்லும் நாம், மூட முடிகிற உலைவாயை ஏன் திறந்தே வைத்திருக்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2257 ஜூல் வெப்பம் வேண்டும். வெப்பமானியில் தெரியாமல் மறைந்துகொள்ளும் இந்த உள்ளுறை வெப்பத்தை 1760களில் கிளாஸ்கோவில் கண்டறிந்தவர் ஜோசப் பிளாக். பத்து கிராம் நீர், அதாவது இரண்டு தேக்கரண்டி, ஆவியாகிப் போகும்போது அது கொண்டுபோகும் வெப்பம் ஒரு லிட்டர் நீரை ஐந்து டிகிரிக்கும் மேல் சூடாக்கப் போதுமானது. பாத்திரத்தில் நீர் குறைந்ததே தெரியாத அந்த இரண்டு தேக்கரண்டிக்குத்தான் இவ்வளவு விலை. மூடியின் அடியில் படும் நீராவி குளிர்ந்து துளியாகும்போது அந்த வெப்பத்தில் ஒரு பகுதி மூடிக்குக் கைமாறுகிறது; சூடேறிய மூடிக்கு அடியில் நீராவி தேங்கி நிற்பதால் மேற்கொண்டு ஆவியாவதும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இந்த இழப்பு தொடக்கத்திலிருந்தே ஒரே சீராக இருப்பதில்லை என்பதுதான் நான் எதிர்பாராதது. நீராவியின் அழுத்தம் 60 டிகிரியில் ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல். 80 டிகிரியில் 47. 100 டிகிரியில் 101. அதாவது சூடு ஏற ஏற ஆவியாகும் வேகம் மடங்கு மடங்காக ஏறுகிறது. மூடாத பாத்திரத்தில் முதல் ஐம்பது டிகிரி சுறுசுறுப்பாக ஏறிவிட்டுக் கடைசி இருபது டிகிரி இழுத்துக்கொண்டே போவதை வெப்பமானி வைத்துப் பார்த்தால் தெளிவாகக் காணலாம். தீயை மிகவும் குறைத்து, அகலமான பாத்திரத்தை மூடாமல் வைத்தால், உள்ளே வரும் வெப்பமும் ஆவியாக வெளியே போகும் வெப்பமும் சமமாகி, நீர் கொதிநிலைக்கு முன்னாலேயே நின்றுவிடும்; எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது கொதிக்காது. தீயைக் குறைத்தால் எரிவாயு மிச்சம் என்று நம்பி நானும் நீண்ட காலம் இப்படிச் செய்திருக்கிறேன். நீர் கொதிக்கும் வரைக்கும் அந்தச் சிக்கனம் தலைகீழானது: மெல்லிய தீயில் நேரம் நீள்கிறது, நீளும் நேரமெல்லாம் கசிவு தொடர்கிறது. சுடர் விளிம்பைத் தாண்டாத அளவுக்கு உயர்ந்த தீயும் ஒரு மூடியும் இருந்தால் அதற்கு மேல் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கொதித்த பின்போ நிலைமை மாறிவிடுகிறது. தளதளவென்று துள்ளும் நீரும் மெதுவாகக் குமிழியிடும் நீரும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. அந்த நிலையில் தீயைக் குறைக்காமல் விடுவது நீரை ஆவியாக்கித் தொலைப்பதற்கு மட்டுமே பயன்படும்.

உப்புக்கு வருகிறேன். ஒரு லிட்டர் நீரின் கொதிநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 58 கிராம் உப்பு வேண்டும். ஒரு தேக்கரண்டி உப்பு ஆறு கிராம் என்று கொண்டால் உயர்வது பத்தில் ஒரு டிகிரி. அதற்காக நீர் கூடுதலாகக் கேட்கும் வெப்பம் 0.4 கிலோஜூல், 314க்கு முன்னால் அது கணக்கிலேயே வராது. ஆகவே என் பாடப்புத்தக வாதம் சரியானதுதான், ஆனால் எதற்கும் உதவாத அளவுக்குச் சரியானது. அக்காவின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் பின்னர் புரிந்தது. கொதிக்கும் நிலையை நெருங்கிய நீரில் உப்பைத் தூவினால் அது உடனே பொங்கிக் குமிழ்கிறது. குமிழி உருவாக ஒரு சொரசொரப்பான இடம், ஒரு சிறு பிளவு, அதில் ஒளிந்திருக்கும் துளிக் காற்று ஏதாவது தேவை. உப்புப் படிகங்கள் அத்தகைய ஆயிரக்கணக்கான இடங்களை ஒரே நொடியில் கொண்டுவந்து கொட்டுகின்றன. நீர் அதனால் சூடாகவில்லை. குமிழிகள் மட்டும் பெருகுகின்றன. கண்ணால் கண்டதைத்தான் அவர் சொன்னார்.

இதே காரணத்தால்தான் மைக்ரோவேவ் அடுப்பில் வழவழப்பான கண்ணாடிக் கோப்பையில் சூடாக்கிய நீர் குமிழியே இல்லாமல் 100 டிகிரியைக் கடந்துவிடக்கூடும். அதில் கரண்டியையோ தூளையோ போட்ட கணத்தில் நீர் வெடித்துத் தெறிக்கும், கை வெந்துபோகும். வேகத்தைப் பற்றிய கட்டுரையில் இது இடைச்செருகல்தான் என்றாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

குளிர்ந்த நீர் வெந்நீரைவிடச் சீக்கிரம் கொதிக்கும் என்ற பேச்சையும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தொடக்கத்தில் குளிர்ந்த நீரின் வெப்பநிலை சற்று வேகமாக ஏறுவது உண்மைதான், ஏனென்றால் அதிலிருந்து கசிவு குறைவு. ஆனால் 20 டிகிரியில் தொடங்கிய நீர் 50 டிகிரியை எட்டும்போது, அது 50 டிகிரியில் தொடங்கிய நீரின் இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. அதற்குள் மற்றது முன்னே போய்விட்டிருக்கும். தான்சானியாவில் 1963இல் பள்ளி மாணவராக இருந்த எராஸ்டோ ம்பெம்பா கவனித்துச் சொன்ன விந்தை, சூடானது குளிர்ந்ததைவிடச் சீக்கிரம் உறைகிறது என்பது; அது உறைவதைப் பற்றியது. அதுவே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதைக் கொதிப்பதற்கு இழுத்துவந்து பொருத்துவது சரியன்று.

கொதிநிலை என்பது 100 என்ற எண்ணில் ஆணியடித்து வைத்ததும் அன்று. 1742இல் ஆண்டர்ஸ் செல்சியஸ் தன் அளவுகோலை அறிவித்தபோது கொதிநிலையைச் சுழியமாகவும் உறைநிலையை 100 ஆகவும் வைத்திருந்தார் என்பதும், அது பின்னர்தான் தலைகீழாக்கப்பட்டது என்பதும் வேடிக்கையான செய்தி. ஆனால் கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறும் என்பதை அவர் அப்போதே அறிந்திருந்தார். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைகிறது. 3000 மீட்டர் உயரத்தில் நீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், நேரத்தில் எட்டில் ஒரு பங்கு மிச்சமாகிறது. இந்த மிச்சம் ஏமாற்று வேலை. 1835இல் சிலியிலிருந்து ஆண்டீஸ் மலையைக் கடந்த சார்ல்ஸ் டார்வினின் குழுவினர், இரவு முழுவதும் அடுப்பில் இருந்தும் உருளைக்கிழங்கு வேகாததைக் கண்டு, பானை புதிது, அதற்கு வேகவைக்க விருப்பமில்லை என்ற முடிவுக்கு வந்தார்களாம். பானை நன்றாகவே கொதித்துக்கொண்டிருந்தது. கொதிக்கும் நீர்தான் போதிய சூட்டில் இல்லை. குக்கர் இதற்கு நேர் எதிர். 1679இல் டெனி பாப்பின் உருவாக்கிய அழுத்தக் கலத்தின் வழித்தோன்றலான அது, உள்ளே அழுத்தத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி, கொதிநிலையை 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. குக்கருக்குள் நீர் தாமதமாகக் கொதிக்கிறது, அதனால்தான் உள்ளே இருப்பது விரைவாக வேகிறது. எது சீக்கிரம் கொதிக்கிறது என்ற கேள்வியையும் எது சீக்கிரம் வேகிறது என்ற கேள்வியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் எழும் சண்டைகள் ஏராளம்; எங்கள் வீட்டுச் சண்டையிலும் பாதி அதுதான்.

கெட்டிலின் உள்ளே வெள்ளையாகப் படியும் உப்புப் படிவு நேரத்தைப் பெரிதும் கூட்டுகிறது என்று நானும் எண்ணியிருந்தேன். சூடேற்றும் பகுதியின் வெப்பத்துக்கு நீருக்குள் போவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லாததால், படிவு இருந்தால் அந்தப் பகுதி கூடுதலாகச் சூடாகி வெப்பத்தைத் தள்ளிவிடுகிறது. கெடுவது கருவியின் ஆயுளே தவிர நேரம் அதிகம் மாறாது. கெட்டிலின் மூடியைத் திறந்து வைப்பதுதான் உண்மையான தவறு. பல கெட்டில்களில் நீராவி ஒரு சிறு வழியாகச் சென்று ஈருலோகத் தகட்டைச் சூடாக்கினால்தான் சுவிட்ச் அணையும்; மூடி திறந்திருந்தால் நீராவி அந்த வழிக்குப் போகாது, கெட்டிலும் தானாக நிற்காது.

மூடியைப் போட்டபின் எனக்கு ஏற்பட்ட ஒரே தொல்லை, கொதித்துவிட்டதா என்று பார்க்க அதைத் திறந்துகொண்டே இருந்ததுதான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேங்கியிருந்த நீராவி போய்விடுகிறது. இதற்கு விடை காதில் இருந்தது. முதலில் அடியில் தோன்றும் சிறு குமிழிகள் நீரில் கரைந்திருந்த காற்று. அவை ஓசையின்றி மேலே வரும். பிறகு அடியில் உண்மையான நீராவிக் குமிழிகள் பிறந்து, மேலே உள்ள சற்றுக் குளிர்ந்த நீரில் பட்டு உடனே நசுங்கிப் போகின்றன. நசுங்கும் ஆயிரம் குமிழிகளின் ஓசைதான் பாத்திரம் இரைவதாக நாம் கேட்பது. நீர் முழுவதும் ஒரே சூட்டை அடைந்ததும் குமிழிகள் நசுங்காமல் மேற்பரப்பு வரை வந்து உடைகின்றன, இரைச்சல் சட்டென்று தணிந்து அடங்கிய தளதளப்பாக மாறுகிறது. இப்போதெல்லாம் அந்த இரைச்சல் தணியும் நொடியைத்தான் நோட்டுப் புத்தகத்தில் குறிக்கிறேன். அக்கா அடுத்த அறையில் இருந்தபடியே அதைக் கேட்டு, "தணிந்துவிட்டது, தீயைக் குறை" என்று எனக்கு முன்பே சொல்லிவிடுகிறார்.